புஷ்பகனி பெயர் வைக்காத ஆள்

ஆனி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தேரியின் செம்மணலை அள்ளிக்கொண்டு வரும் காற்று தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நாலு மணி பஸ் ஐந்து மணிக்கு வந்து போய், டீக்கடை வாசலில் நின்றவர்கள் வாயில் நரநரத்த மணலைத் துப்பிவிட்டுக் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், மணலேறி ஊரின் கடைத்தெருவில், சொர்ணகுமாரின் ஜெராக்ஸ் கடை மாடிப்படி வழியாக இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் ஐம்பதைத் தாண்டிய பெண். முழங்கால் வரை தூக்கிச் செருகிய பாசிநிறச் சேலை, இடுப்பில் ஒரு சுருக்குப்பை, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். பின்னால் வந்தவன் வாசலைத் தாண்டத் தலையைக் குனிந்தது போதாமல் தோளையும் சாய்த்தான். அவர்கள் மேலே ஏறிப்போனதை யாரும் பார்க்கவில்லை. ஏறாமல் இறங்கியவர்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் டீ ஆற்றிக்கொண்டிருந்த லிங்கத்துரை, "யார் வீட்டுக்கு வந்த விருந்தாளுக?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

"இவ என் ஆளு," என்றார் அவர்களுக்குப் பின்னால் இறங்கிய இருதயராஜ், கொஞ்சம் பெருமையாக.

"அது என்னோடது," என்று அந்த நெட்டையனைக் காட்டினாள், கடைசியாக இறங்கிய புஷ்பகனி.

அந்த மாடியில் இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு விளையாட்டு நடந்துவந்தது. சொர்ணகுமாரின் தங்கை மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து அவர்களே தமிழில் விதி எழுதிக்கொண்ட விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதி, அந்தப் பாத்திரமாகவே பேசி, பகடை உருட்டி, இல்லாத நாடுகளுக்குப் போய் வரவேண்டும். கதையை நடத்துகிறவர் சொர்ணகுமார். ஒரு பாத்திரத்துக்கு மொத்தம் அறுபது மதிப்பெண். அதைப் பலம், வேகம், தாங்குசக்தி, அறிவு, பேச்சு, மனசு என்ற ஆறு வரிகளில் இஷ்டம்போலப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம், ஒரு வரியில் முப்பதுக்கு மேல் போடக்கூடாது. தாளின் கீழ்ப்பாதியில் மதிப்பெண் இல்லாத வரிகள் இருந்தன. பெயர், சொந்த ஊர், தாய் தகப்பன், பிடித்தது, பயப்படுவது.

பல் டாக்டர் ஒருவரிடம் பொய்ப்பல் செய்து கொடுக்கும் இருதயராஜுக்கு அந்தக் கீழ்ப்பாதிதான் விளையாட்டே. இடம் போதாமல் ஐந்து தாள் கூடுதலாக ஒட்டி, அவர் நீலாவதியை எழுதினார். கூவளையாற்றில் ஓடம் தள்ளுகிறவள், இடது காது மந்தம், பூனையைக் கண்டால் நடுக்கம், ஒரு வெண்கலப் பானைக்காகத் தங்கையோடு பன்னிரண்டு வருஷம் பேச்சு இல்லை. ஆறு வரிகளிலும் பத்துப் பத்தாகப் போட்டிருந்ததால் அவள் எந்தச் சண்டைக்கும் உதவவில்லை. ஒருமுறை அரக்கன் கோட்டை வாசல் வரைக்கும் போன கூட்டம், அவளுடைய தங்கை இருக்கும் ஊர் பக்கத்தில்தான் என்று இருதயராஜ் சொன்னதால், மூன்று ஞாயிறு வழிமாறி அலைந்தது.

புஷ்பகனி மோட்டார் பம்ப் கடையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறவள். கிணற்றின் ஆழத்தையும் குழாயின் சுற்றளவையும் சொன்னால், எத்தனை குதிரைசக்தி மோட்டார் வேண்டும் என்பதைப் பேப்பர் தொடாமல் சொல்லிவிடுவாள். அவள் சொன்ன மோட்டார் தண்ணீர் இறைக்காமல் போனதில்லை. இருபத்தாறு வயதில் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவள் வீட்டில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஆள் சமைக்கிற பாத்திரங்கள், இவ்வளவுதான். தன் பாத்திரத்தையும் அவள் அப்படியே எழுதினாள். பலம் முப்பது, தாங்குசக்தி முப்பது, மற்ற நாலிலும் பூஜ்யம். கீழ்ப்பாதியைத் தொடவே இல்லை.

"ஒரு பேராவது வையி, புஷ்பம்," என்பார் இருதயராஜ்.

"பேருக்கு மார்க்கு உண்டா, அண்ணாச்சி?"

"மார்க்குக்காகவா விளையாடுதோம்?"

"பின்ன, தோக்குறதுக்கா? உங்க ஓடக்காரியக் காப்பாத்தியே என் ஆளு ரெண்டு தடவை சாகப் பாத்தான்."

இந்தச் சண்டை ஏறக்குறைய எல்லா ஞாயிறும் இதே வார்த்தைகளில் நடக்கும். அன்றைக்கும் நடந்துகொண்டிருந்தபோது பகடை மேசையிலிருந்து விழுந்து கதவு வரைக்கும் உருண்டது. அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவள் நீலாவதி. அவளுக்குப் பின்னால் அவன் நின்றான்.

ஊருக்குள் புது ஆள் வந்தால் மணலேறியில் கேட்பது மூன்றே கேள்வி: எந்த ஊர், யார் மக்கள், சாப்பிட்டாச்சா. நீலாவதி முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கவே விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கூவளையாறு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் வெண்கலப் பானைத் தகராறு எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது. மூன்று வீட்டுப் பெண்கள் தங்கை பக்கமும் நாலு வீட்டுப் பெண்கள் அவள் பக்கமும் சேர்ந்தார்கள். இருதயராஜின் மனைவி ஸ்டெல்லா, "படியில எறங்கி வந்தவளத் திரும்ப ஏறிப் போன்னு சொல்ல முடியுமா?" என்று சொல்லி, வீட்டுப் பூனையைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்கட்டு அறையில் அவளுக்குப் பாய் விரித்தாள்.

அவனிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்டார்கள். அவனுக்குப் பேச்சு பூஜ்யம். ஊர்த் தலைவர் தவசிக்கனி பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்து, அதில் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர் எல்லாவற்றிலும் கோடு போட்டுவிட்டு, கடைசியில் "வேலை" என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு புஷ்பகனியைப் பார்த்தார்.

"என்ன செய்வான்?"

"என்ன சொன்னாலும் செய்வான்," என்றாள் அவள்.

மணலேறிக்கு மேற்கே தேரி கிடந்தது, செக்கச் சிவந்த மணல்மலை. ஆனியில் தொடங்கி ஆவணி பிறக்கும் வரைக்கும் காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவந்து ஊருக்கு வரும் ஒரே ரோட்டில் போடும். பஸ் நின்றுபோகும், தண்ணீர் லாரி நின்றுபோகும், பள்ளிக்கூடத்துக்குப் பாதி வாத்தியார்கள் வரமாட்டார்கள். அந்த வருஷம் தவசிக்கனி அவனை ரோட்டுக்குக் கூட்டிப்போய், "இந்த மணல அள்ளிப் போடு," என்று கை காட்டினார். அவன் அள்ளினான். வேகம் பூஜ்யம் என்பதால் அவசரப்படவில்லை, தாங்குசக்தி முப்பது என்பதால் நிற்கவும் இல்லை. கதவு ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள், அதையே முறம்போலப் பிடித்துக்கொண்டு, ஒரு தள்ளுக்கு ஒரு வண்டி மணலை ஓரத்துக்கு நகர்த்தினான். மறுநாள் காலை ஏழு மணி பஸ் ஏழு மணிக்கே வந்தது. ஆனி மாதத்தில் அப்படி வந்ததை யாரும் கண்டதில்லை என்பதால் ஏற ஆள் இல்லாமல் காலியாகத் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு ஊர் அவனை எடுத்துக்கொண்டது. கோயில்காரர்கள் சாய்ந்து கிடந்த கொடிமரக் கல்லை நிமிர்த்தக் கேட்டார்கள், சர்ச்சுக்காரர்கள் கோபுரத்துக்கு மணியை ஏற்றக் கேட்டார்கள், ஒரே வாரத்தில் இரண்டும் முடிந்தது. பள்ளத்தில் இறங்கிய லாரியை அவன் தூக்கி வைத்தபோது டிரைவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு தெருவும் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. ஒரு பெயர் அடுத்த தெருவில் செல்லாது. அவன் எதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தச் சாதி, எந்தக் கோயில், எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று முதல் வாரம் பேசினார்கள். அவன் எங்கேயும் உட்காரவில்லை என்பதால் அந்தப் பேச்சு தானாக நின்றுபோனது. யாராவது சோறு வைத்தால் சாப்பிட்டான், வைக்காவிட்டால் கேட்கவில்லை.

"செஞ்சா இப்படிச் செய்யணும்," என்று புஷ்பகனியிடம் ஆட்கள் சொன்னார்கள். இருதயராஜிடம், "உங்க ஆளு இன்னைக்கு எத்தனை வீட்டுல காப்பி குடிச்சா?" என்று கேட்டார்கள். புஷ்பகனிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்குப் போகும் வழியில் அவன் மணல் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். ஒரு மதிப்பெண்கூட வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

ரோடு சுத்தமான பிறகும் அவன் நிறுத்தவில்லை. மணல் அள்ளு என்றார்கள், போதும் என்றால் என்னவென்று அவன் தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ரோட்டோரத்து மணல் முடிந்ததும் தேரியின் அடிவாரத்துக்குப் போனான். கதவை ஊன்றித் தள்ளினான். ஆடி பிறந்து நாலாம் நாள் மேட்டுத் தெருக்காரர்கள் வெளியே வந்து பார்த்தபோது, தங்கள் பத்தொன்பது வீடுகளுக்கும் பின்னால் சாய்ந்து கிடந்த மணல்மலை அடிப்பக்கம் குடைபட்டுச் செங்குத்தாக நின்றது. மேலிருந்து ஒரு பனைமரம் வேரோடு சரிந்து மாட்டுத் தொழுவத்தின் மேல் விழுந்தது.

போதும் என்று கத்தினார்கள். கதவைப் பிடித்து இழுத்தார்கள்; பன்னிரண்டு பேர் தொங்கியும் அவன் அவர்களையும் சேர்த்துத் தள்ளினான். அன்று பகல் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். சொர்ணகுமார் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து படித்தார்: தாளை எழுதிய கைதான் திருத்த வேண்டும், ஒரு வரியில் கூட்டினால் இன்னொரு வரியில் குறைக்க வேண்டும்.

"ரொம்பக் குறைச்சிராத," என்றார் தவசிக்கனி. "சொன்னாக் கேக்குற அளவுக்கு மட்டும் அறிவு வந்தாப் போதும்."

புஷ்பகனி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பலத்தில் மூன்றை அழித்து அறிவில் மூன்றை எழுதினாள். தேரியடியில் அவன் கதவைக் கீழே வைத்தான். மேட்டுத் தெருவைப் பார்த்தான், மணலைப் பார்த்தான், தள்ளியதில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்து மணல்மலை சரியாதபடி அண்டை கொடுத்துவிட்டு, ரோட்டுக்குத் திரும்பிவந்தான். யாரும் சொல்லித் தரவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்த மூன்று மதிப்பெண்தான் வினையானது.

இரண்டு நாள் கழித்து, பொழுது சாய்கிற நேரத்தில், அவன் ரோட்டிலிருந்து ஊருக்குள் வந்து ஒரு வீட்டு வாசலில் நின்றான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. உள்ளே கூடத்தைப் பார்த்தான், சுவரிலிருந்த படங்களைப் பார்த்தான், சாப்பிடுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு அடுத்த வாசலுக்குப் போனான். மறுநாள் அடுத்த தெரு. நெருங்கி வரவில்லை, எதையும் தொடவில்லை, ஆனாலும் சாப்பிடுகிறவர்கள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டார்கள். அந்தி வந்தாலே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்கள். சாத்திய கதவு முன்னாலும் அவன் அதே அளவு நேரம் நின்றான்.

நீலாவதி புஷ்பகனியைத் தேடி பம்ப் கடைக்கே வந்துவிட்டாள். வலது காதை முன்னால் திருப்பிக்கொண்டு, மோட்டார்களுக்கு நடுவில் ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்தாள்.

"உன் ஆளால எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது, தாயி. நீ என்னமாவது செய்யி."

"அவனுக்கு என்னதான் வேணுமாம்?"

"எது தன் வீடுன்னு தேடுதான். அறிவக் குடுத்துட்ட. தான் ஒருத்தன் இருக்கோம்னு தெரிஞ்சு போச்சு, யாருன்னு தெரியல. எனக்கு ஒரு வீடு கெடக்கு, ஆத்தங்கரையில. தங்கச்சிக்காரி அதுல இருந்துக்கிட்டு என் பானையில தண்ணி மோந்து குடிக்கா. அதை நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அவனுக்கு எரியக்கூட ஒண்ணும் இல்லையே."

அன்று மாலை புஷ்பகனி தாளை நாற்காலிமேல் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கீழ்ப்பாதி வரிகளுக்கு மதிப்பெண் செலவில்லை. பலம் குறையாமலே அத்தனையையும் நிரப்பிவிடலாம். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நினைத்துப் பென்சிலை எடுத்தாள். பிடித்தது என்ற வரியில் பென்சில் நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. ஒரு ஆளுக்கு என்னவெல்லாம் பிடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

செய்தி பரவியதும் ஊரே உதவிக்கு வந்தது. தவசிக்கனி ஒரு பட்டியலோடு வந்தார்: சொந்த ஊர் மணலேறி என்று எழுது, பிடித்தது மணல் தள்ளுவது, பயம் ஒன்றும் இல்லை. வேறு ஊர் எழுதினால் அங்கே போய்விடுவான், தாய் தகப்பன் எழுதினால் தேடிப் போய்விடுவான். ஒருவர், அவனுக்குக் காலை நாலு மணிக்கு எழுவது பிடிக்கும் என்று சேர்க்கச் சொன்னார். எல்லாம் சரியான யோசனைகள். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவளே இதைத்தான் சொல்லியிருப்பாள். "பாத்துட்டு எழுதுதேன்," என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் கடைக்கு லீவு சொன்னாள். பதினேழு வருஷத்தில் அது மூன்றாவது லீவு. ஒரு குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய், அவன் மணல் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டின் நடுவில் முறம் அளவுக்கு மணலை அவன் வட்டமாக விட்டு வைத்திருந்தான். அதில் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. அந்த இடம் வந்ததும் கதவைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனான். பஸ்ஸும் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தது. டிரைவரை அவன் எப்படி அப்படிப் பழக்கினான் என்று தெரியவில்லை. மனசு பூஜ்யம் என்று அவள் தன் கையால் எழுதியிருந்தாள். இது எந்த வரியிலிருந்து வந்தது என்று யோசித்து, பிறகு யோசிப்பதை விட்டாள். கருப்பட்டி காய்ச்சுகிற கொட்டகையைத் தாண்டும்போது அவன் நடை குறைந்தது. பதநீர் பொங்கி மணக்கிற நேரம் எதுவென்று தெரிந்துவைத்துக்கொண்டு சரியாக அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தான். வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் புது செல்போன் கடை திறந்தார்கள், வாசலில் கட்டியிருந்த பலூன் ஒன்று வெடித்தது. லாரியைத் தூக்கியவன் கதவைப் போட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்குள் போய் நின்றுகொண்டான், சாயங்காலம் வரைக்கும் வரவில்லை.

புஷ்பகனி தாளில் எழுதினாள். பிடித்தது: கருப்பட்டி காயும் வாசம். பயப்படுவது: பலூன். இடம் இருந்ததால் குருவி முட்டையையும் எழுதினாள்.

தவசிக்கனி வாங்கிப் பார்த்தார். "பயம்னு எதுக்கு எழுதின? இல்லாத பயத்த நாமளே உண்டாக்கலாமா?"

"நான் உண்டாக்கல, தலைவரே. அவன்ட்ட இருந்துது. எழுதினேன்."

"சரி. அத்தோட விடு. பெறகு ஒண்ணும் மாத்தாத."

"பேச்சு குடுக்கணும். மனசும் குடுக்கணும். பலத்துல இருந்துதான் எடுக்கணும்."

எவ்வளவு என்று கேட்டார்கள். பன்னிரண்டும் எட்டும், ஆகமொத்தம் இருபது என்றாள். இருபதை எடுத்தால் மிச்சம் ஏழு. ஏழு என்பது நன்றாக வேலை செய்கிற ஒரு மனுஷனின் பலம். ஆடிக் காற்று இன்னும் உச்சத்துக்கு வரவில்லை.

லிங்கத்துரை டீக்கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "புஷ்பம், போன ஆடியில என் மகளக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு ரெண்டு மைல் மணல்ல நடந்தோம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள வயித்துப் பிள்ள போயிட்டு. இந்த வருஷம் மேட்டுத் தெருவுல ரெண்டு பேரு மாசமா இருக்காங்க. அத நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்த்திருந்தாள். அந்தக் கட்டிலை அன்றைக்குத் தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. மணலில் முழங்கால் வரை புதைந்து புதைந்து நடந்ததும், பாதி வழியில் அந்தப் பெண் கத்துவதை நிறுத்தியதும் அவளுக்கு மறக்கவில்லை. இரண்டு நாள் அவளால் பென்சிலைத் தொட முடியவில்லை. கடைக்குப் போனாள், மோட்டார் விற்றாள். மாலையில் அவள் வீட்டுக் கதவு முன்னால் அவன் வந்து நின்றான். மற்ற வாசல்களில் நின்ற அதே அளவு நேரம்தான் நின்றான், அதைவிட ஒரு நொடி கூடுதலாக நிற்கவில்லை. தன்னை எழுதியவள் இவள்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அது அவளைச் சுட்டது.

மூன்றாம் நாள் லிங்கத்துரையிடம் போய், "காலையில அஞ்சு மணிக்கு நான் மம்பட்டியோட ரோட்டுல நிப்பேன்," என்றாள். "ஆவணி வரைக்கும் நிப்பேன். யாரு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. அந்த ரெண்டு பேருக்கும் ரோடு இருக்கும். ஆனா அவன இப்படி வச்சுக்கிட்டு நம்மால சாப்பிட முடியல, அண்ணாச்சி. உங்களால முடியுதா?"

லிங்கத்துரை பெஞ்சில் கிடந்த கிளாஸ்களை எடுத்து ஓரம் வைத்தார்.

அங்கேயே, டீக்கடைப் பெஞ்சில் தாளை விரித்து, அவள் அழித்தாள். அழுத்தி எழுதியிருந்ததால் எண்ணின் தடம் தாளில் பதிந்து கிடந்தது. ஏழு என்று எழுதினாள். பேச்சு பன்னிரண்டு, மனசு எட்டு. ரோட்டில் அவன் கையிலிருந்து கதவு கீழே விழுந்த சத்தம் கடை வரைக்கும் கேட்டது.

அவள் போனபோது அவன் கதவின் மேலேயே உட்கார்ந்திருந்தான். உருவம் அதேதான், உட்கார்ந்த விதம் வேறாக இருந்தது. உள்ளங்கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தான். அவற்றில் தோல் இல்லை.

"வலிக்கு," என்றான். அவனுடைய குரல் அவனைவிடச் சின்னதாக இருந்தது. சொல்லிவிட்டு, அந்த வார்த்தை வெளியே வந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பவன்போலக் கொஞ்ச நேரம் இருந்தான். "முந்தியும் வலிச்சுது. இப்பத்தான் சொல்ல வருது."

புஷ்பகனி துணிக் கிழிசல் தேடி வீட்டுக்கு ஓடவில்லை. தன் சேலை முந்தானையைக் கிழித்து இரண்டு கையையும் கட்டினாள். கட்டி முடிக்கிற வரைக்கும் அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் மம்பட்டியோடு போனபோது லிங்கத்துரை நின்றார். ஆறு மணிக்கு இருதயராஜும், முனகிக்கொண்டே நீலாவதியும் வந்தார்கள். ஏழு மணிக்கு மேட்டுத் தெருக்காரர்கள் வந்தார்கள். தவசிக்கனி பத்து மணிக்கு வந்து, இது நடக்கிற காரியமில்லை என்று சொல்லிக்கொண்டே பதினொன்று வரைக்கும் வாரினார். பதினோரு மணிக்கு ரோடு தெரிந்தது, பன்னிரண்டுக்கு பஸ் வந்தது. அடுத்த நாள் முறை வைத்தார்கள், தெருவுக்கு ஒரு நாள். முறைக்கு வராதவர்களைப் பற்றிச் சண்டை வந்தது. மாசமாக இருந்த இரண்டு பேரில் ஒருத்தி ஆடி இருபதில் நண்பகல் பஸ்ஸில் போய்ப் பெண் பிள்ளை பெற்றாள். இன்னொருத்திக்கு நாள் இருந்தது.

கைப்புண் ஆறும்வரை அவனை வேலைக்கு விடவில்லை. அவன் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்களோடு பேசினான். பன்னிரண்டு மதிப்பெண் பேச்சு என்பதால் நன்றாகவே பேசினான். பெயர் கேட்டால் மட்டும், இன்னும் இல்லை என்றான். ஊர், தாய் தகப்பன் வரிகளோடு பெயர் வரியையும் புஷ்பகனி வெறுமையாக விட்டிருந்தாள். "அத நீயே சொல்லு, எழுதிக்கிடுதேன்," என்று சொல்லியிருந்தாள்.

ஆடி கடைசி வாரத்தில் ஒரு நாள் மாலை அவன் பம்ப் கடை வாசலுக்கு வந்தான்.

"ஒரு பேரு பாத்து வச்சிருக்கேன். ஆனா அது இன்னொருத்தர்ட்ட கேட்டுத்தான் எடுக்கணும்."

"யாரோட பேரு?"

"மேட்டுத் தெரு கடைசி வீட்டுல ஒருத்தர் இருக்காரு. நான் வாசல் வாசலா நின்ன நாள்ல, தெனமும் வெளிய வந்து, 'சாமுவேலு, சாப்பிட வா'ன்னு கூப்பிடுவாரு. யாரும் வரமாட்டாங்க. அவரு உள்ள போயிருவாரு."

புஷ்பகனிக்கு அவரைத் தெரியும். ஞானமுத்து, பனையேறி, அவருடைய ஒரே மகன் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு படகில் வேலைக்குப் போனான், படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவர் கூப்பிடுவது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பழகிப்போனதால் காதில் விழுவதில்லை.

"அந்தப் பேரு சும்மா கெடக்கோன்னு தோணிச்சு," என்றான் அவன். "தப்பா?"

"தெரியல. வா, கேப்போம்."

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் நடந்தார்கள். காற்று அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியிருந்தது. பாதி தூரம் போனதும் அவன், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டான். அவள் பதில் தேடிக்கொண்டே நடந்தாள். தெரு முடிந்துவிட்டது.

ஞானமுத்து வாசலில் பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், ஒளிக்காமல், சுருக்காமல். தான் அவர் மகன் இல்லை என்பதையும், ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்து இறங்கியவன் என்பதையும், கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை என்பதையும் சொன்னான். அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை. அரிவாளின் இரண்டு பக்கமும் தீட்டி முடித்து, விரலால் கூர் பார்த்து, ஓரமாக வைத்தார்.

"பேரு மட்டும்தானா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டா சாப்பிடவும் வருவேன்."

ஞானமுத்து மேற்கே தேரியைப் பார்த்தார். மணல்மலையின் விளிம்பில் பொழுது சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஏழு மணிக்கு வா. பிந்துனா ஆறிரும்," என்றார். உள்ளே போகப்போனவர் திரும்பி, "நீயும் வாயேன், புஷ்பம். என்ன கொழம்பு வைக்க?" என்று கேட்டார்.

எதுவானாலும் சரி என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். எந்த வீட்டில் யார் கேட்டாலும் அவள் சொல்வது அதுதான். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் சாமுவேலும் காத்திருந்தான்.

"சாளை மீனு," என்றாள் புஷ்பகனி. கொஞ்சம் யோசித்தாள். "மாங்கா போட்டு."